அக்காவின் வலது பக்கம்

போன மாதம் அக்காவின் பேரன் சென்னையிலிருந்து வந்திருந்தான். வந்தவன் சும்மா இருக்கக் கூடாதா? விடிந்ததும் விடியாததுமாக என்னை எழுப்பி, குளத்தைச் சுற்றி நடக்கப் போகலாம் என்றான். என் முழங்கால் இருக்கிற இருப்பில் நான் சுற்றக்கூடிய பெரிய வஸ்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான். அதைச் சொன்னேன். "ரொம்ப ஈசிதான் சின்னாச்சி, அங்க போர்டுலயே போட்டிருக்கு" என்று செருப்பை எடுத்து என் காலடியில் வைத்துவிட்டான். செருப்பை எடுத்து வைக்கிற பிள்ளையிடம் எப்படி மாட்டேன் என்பது?

போர்டு உண்மையிலேயே இருந்தது. பச்சைப் பலகை, மூலையில் ஒற்றைக் காலில் நிற்கிற ஒரு பறவை. பறவைகளைத் தொந்தரவு செய்யாதீர், குப்பை போடாதீர் என்றெல்லாம் எழுதி, கடைசியில் 'குளத்தைச் சுற்றி நடைபாதை. சுலபமானது. எல்லா வயதினரும் நடக்கலாம்' என்று முடித்திருந்தார்கள். அந்தச் 'சுலபமானது' என்கிற சொல்லைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் காற்று திரும்பி, குளத்துச் சேறும் உப்பளமும் கலந்த அந்தப் பழைய வாடை மூக்கில் ஏறிவிட்டது. வாடைக்கு என்ன தெரியும், எதைக் கிளறுகிறோம் என்று.

அந்தக் குளத்தை நான் முழுதாகச் சுற்றி வந்தது ஆயுளில் ஒரே ஒரு தடவை. வருஷத்தை என்னிடம் கேட்காதீர்கள். யுத்தம் முடிந்துவிட்டது, துணிக்கும் அரிசிக்கும் கண்ட்ரோல் முடியவில்லை, கொழும்புக் கப்பல் பழையபடி ஓட ஆரம்பித்திருந்தது. நான் கன்னியர் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சராகச் சேர்ந்த புதிது. அன்று பட்ட பாட்டை நினைத்தால், நாற்பது பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்ததெல்லாம் ஒரு வேலையே இல்லை.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கடற்கரையில் அந்தக் காலத்தில் யாரும் வெறுமனே நடக்க மாட்டார்கள். மீன் வாங்க நடப்போம், பூசைக்கு நடப்போம், கப்பல் துறை ஜெட்டியில் யார் வந்து இறங்குகிறார்கள் என்று பார்க்க நடப்போம். காரியம் ஒன்றும் இல்லாமல், நல்ல துணி உடுத்திக்கொண்டு ஒரு குடும்பம் ஊருக்கு வெளியே நடந்து போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நேர்ச்சை. பிள்ளைக்குக் காய்ச்சல் தெளிந்தால், போன தோணி திரும்பி வந்தால், இன்ன இடம் வரை நடந்து வருகிறேன் என்று மாதாவிடம் வாக்குக் கொடுத்திருப்பார்கள். எதிரே வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போகக் கூடாது. கூடவே கொஞ்ச தூரம் நடந்து, செபமாலையில் ஒரு பத்து மணி சொல்லி, என்ன நேர்ச்சை என்று விசாரித்து, தங்கள் செபத்தையும் அதோடு சேர்த்துவிட்டுத்தான் பிரிய வேண்டும். கேட்காமல் போனால்தான் குறை. இதை மனசில் ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அக்கா. திரேசா என்று பெயர். என்னைவிட ஐந்து வயது மூத்தவள், நிறமும் முடியும் எனக்கு வராமல் அவளோடே நின்றுவிட்டன. சின்ன வயதில் அம்மை போட்டதில் அவளுக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காது பாம்புக்காது. வீட்டில் நாங்கள் யாரும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை, எல்லோரும் அவளுக்கு வலது பக்கமாகவே உட்காருவோம், நடப்போம். கோயிலில் பெஞ்சின் இடது கோடி அவளுக்கு. அவளுக்குக் கேட்காவிட்டால் என்ன செய்வாள் தெரியுமா? சிரிப்பாள். அழகாக, தலையை லேசாகச் சாய்த்துச் சிரிப்பாள். ஊரில் எல்லோரும் திரேசாவைப் போலக் குணவதி உண்டா என்பார்கள். வீட்டுக்குள் அவள் வாயை அவர்கள் கேட்டதில்லை.

கலியாணப் பேச்சு வந்தபோதுதான் அந்தக் காது குறையாகிவிட்டது. முதலில் வந்த இடத்தில் அம்மா கள்ளமில்லாமல் விஷயத்தைச் சொல்ல, அவர்கள் குடித்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். இரண்டாவது இடத்துக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு அப்போது இருபத்தாறு. அந்த நாளில் அந்த வயது என்ன வயது என்று உங்களுக்குத் தெரியும். அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். தாலி ஏறுகிற வரைக்கும் அந்தக் காது நம் வீட்டிலேயே இல்லை, யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான். எங்கள் தெருவில் முத்துக்குளிக்கப் போன கிழவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆழத்தில் மூச்சடக்கி மூச்சடக்கி, காது வெடித்து ரத்தம் வந்து, இரண்டு காதும் கேட்காமல் போனவர்கள். அவர்களிடம் வெற்றிலை கேட்பதென்றால்கூடக் கத்த வேண்டும். ஒருவரையாவது யாராவது செவிடன் என்று சொன்னார்களா? 'மனுசன் ஆழம் பார்த்தவன்' என்பார்கள். எங்கள் தாத்தாவே அப்படித்தான். அவருடைய காதைப் பற்றி அப்பா மார் நிமிர்த்திப் பேசுவார். அதே அப்பா தன் மகளுடைய காதை முந்தானைக்குள் மறைக்கச் சொன்னார். ஆம்பளைக்குப் போனால் வீரம், பொம்பளைக்குப் போனால் குறை. இருக்கட்டும்.

மூன்றாவதாக வந்ததுதான் கொழும்பு மாப்பிள்ளை. அல்போன்ஸ் என்று பெயர். தேயிலை ஏற்றுமதி ஆபீசில் உத்தியோகம். அம்மா மட்டும் இங்கே ஊரில். லீவில் வந்திருந்தார். வழக்கம்போல வீட்டுக்கு வந்து, பலகாரம் தின்று, பெண்ணைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதானே? அந்த மனிதர் சொல்லி அனுப்பினார், வீட்டுக்குள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தால் பேச வராது, ஞாயிற்றுக்கிழமை காலையில் குளத்தைச் சுற்றி ஒரு 'ஹைக்' போய்வரலாம் என்று. அவருடைய ஆபீசில் வெள்ளைக்காரத் துரைகள் வாரா வாரம் காட்டிலும் மலையிலும் பறவை பார்த்துக்கொண்டு அப்படித்தான் நடப்பார்களாம். இவரும் கூட நடந்து நடந்து பழகிவிட்டாராம்.

வீடு ரெண்டுபட்டது. ஹைக் என்றால் என்ன என்று அம்மா கேட்டாள். நடப்பது என்றேன். எங்கே என்றாள். எங்கேயும் இல்லை, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவது என்றேன். அதற்கு வீட்டிலேயே இருந்தால் என்ன என்றாள் அம்மா.

அப்பா மாட்டேன் என்று சொல்லவில்லை. இந்த இடமும் தட்டிப்போனால் அக்காவுக்கு இனி இடமில்லை என்பது அவருக்குத் தெரியும். சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் என்னையும் அக்காவையும் உட்கார வைத்து, ஒரு சோற்றுத் தட்டைக் கவிழ்த்து மேசை நடுவில் வைத்தார். இது குளம் என்றார். இரண்டு சின்ன வெங்காயத்தை எடுத்தார். பெரியது மாப்பிள்ளை, சின்னது திரேசா. கொழும்புக்காரர் பறவை பார்க்கிறவர், ஆகவே தண்ணீர்ப் பக்கமாகத்தான் நடப்பார். தண்ணீர் வலது கையில் இருக்கும்படி சுற்றினால் அவர் தானாகவே அக்காவின் வலது பக்கம், நல்ல காதுப் பக்கம் வந்துவிடுவார். மடைப் பக்கம் வண்டியை விட்டு இறங்கியதும் இடது கைப்பக்கம் திரும்ப வேண்டியது, அவ்வளவுதான். வெங்காயங்கள் தட்டைச் சுற்றி இரண்டு தடவை ஒழுங்காக வந்தன. அப்பா கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. கப்பலையே கரைக்குக் கொண்டுவந்து கட்டுகிறவருக்கு ஒரு மாப்பிள்ளை என்ன பிரமாதம் என்கிற நினைப்பு.

அக்கா தட்டைக் கழுவி அடுக்கினாள். படுக்கப் போகும்போது என்னிடம், "சின்ன வெங்காயம்னா என்ன வேணா பண்ணலாம்ளா" என்றாள். அதோடு திரும்பி, கேட்கும் காதைத் தலையணைக்குள் அமுக்கிக்கொண்டு தூங்கிவிட்டாள். அவளுக்கு அது ஒரு சௌகரியம்.

மறுநாள் காலையில் குதிரை வண்டி. அக்காவுக்குப் பட்டுப் புடவை. குளத்தங்கரைக்குப் பட்டா என்று கேட்டால், கண்ட்ரோல் காலத்தில் வேறு நல்ல துணி எங்கே இருந்தது? எனக்கு அம்மாவின் பழைய சேலை, கையில் அடுக்குப் பாத்திரம். அதில் ஆப்பமும் மாசிக் கருவாட்டுச் சம்பலும். அந்த மாசி வாடைக்கு மடையடியில் படுத்திருந்த நாய் ஒன்று எழுந்து என் பின்னாலேயே வந்தது, கடைசி வரைக்கும் வந்தது. மாப்பிள்ளை அங்கே முன்கூட்டியே வந்து நின்றிருந்தார். அரைக்கால் சட்டை. முழங்கால் வரை காலுறை, தடித்த பூட்ஸ், கழுத்தில் பைனாகுலர். முப்பது வயது மனிதர், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி முழங்காலைக் காட்டிக்கொண்டு நின்றார். அப்பா முழங்காலைப் பார்க்காமல் அவர் நெற்றியையே பார்த்துப் பேசினார்.

"இப்படிப் போவோம்" என்று அப்பா இடது பக்கம் கையைக் காட்டினார். மாப்பிள்ளை கும்பிட்டுவிட்டு, கடல் தண்ணீர் ஏறி, உப்புத் தோணிகள் கால்வாயில் போகிற நேரம், முதலில் அந்தப் பக்கம் போனால் பார்த்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே வலது பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. தட்டும் வெங்காயமும் அவருக்கு எப்படித் தெரியும்? அக்கா பின்னாலேயே போய்விட்டாள். அப்பா அந்த இடத்திலேயே நின்றார். நான் மனசுக்குள் தட்டைச் சுற்றி வெங்காயத்தை மறுபக்கமாக நகர்த்திப் பார்த்தேன். தண்ணீர் இடது கையில். பறவை பார்க்கிறவர் இடது பக்கம். செத்துப்போன காதுப் பக்கம்.

கொஞ்ச தூரம் கால்வாய் எங்களைக் காப்பாற்றியது. அந்த இடத்தில் கரை, குளத்துக்கும் கால்வாய்க்கும் நடுவில் ஒற்றையடிப் பாதையாகப் போகும். இடது கையில் நல்ல தண்ணீர், வலது கையில் உப்புத் தண்ணீர். மூட்டை அடுக்கிய தோணிகளைக் கரையில் நடக்கிற ஆட்கள் கயிறு போட்டு இழுத்துப் போவார்கள். தூரத்தில் கால்வாய் திரும்புகிற இடத்தில் பாய் மட்டும் தெரியும், உப்புக் குவியலுக்கு நடுவே தரையில் பாய் ஏறிப் போகிற மாதிரி. மாப்பிள்ளை தோணி பார்க்க வலது பக்கம் வந்தார். எந்தத் தோணி எங்கே நிற்கிற கப்பலுக்குப் போகிறது என்று கேட்டார். அக்கா வளர்ந்ததே குமாஸ்தா வீட்டில் அல்லவா, ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள். அது கேட்டுச் சிரித்த சிரிப்பு, எனக்கு வித்தியாசம் தெரியும். பின்னால் அப்பா மெல்லப் பிதா சுதன் சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டது எனக்குக் கேட்டது. அவ்வளவு பக்கத்தில் நடந்தார்.

அப்புறம் கால்வாய் கடலைப் பார்க்கத் திரும்பிவிட்டது. கால்வாய் இருந்த இடத்தில் உடைமுள். கரையின் வெளிச்சரிவு முழுக்க, பாதையை இடித்துக்கொண்டு, விரல் நீள வெள்ளை முள். தண்ணீர்ப் பக்கம் மட்டும்தான் சுத்தமாக இருந்தது. குளத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. மாப்பிள்ளை ஒரு எட்டில் இடது பக்கம் தாவிவிட்டார்.

அங்கிருந்து ஆரம்பித்தது என் பாடு. அது பூநாரை, இது கரண்டிவாயன், அதோ உள்ளான், அது எங்கேயோ குளிர்தேசத்திலிருந்து பறந்து வருகிறது என்று அந்த மனிதர் அக்காவின் செவிட்டுக் காதுக்குள் உருகி உருகிச் சொல்லிக்கொண்டு போனார். அக்கா அழகாகச் சிரித்துக்கொண்டு போனாள். நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். வலது பக்கம் கையைக் காட்டி அங்கே ஒரு பறவை என்றேன். பைனாகுலரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அது காக்கை என்றார். கைக்குட்டையை முள்பக்கம் போட்டேன். அவர் மரியாதையாக எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் இடது பக்கமே போனார். அடுக்குப் பாத்திரத்தைத் திறந்து சாப்பிடலாமா என்றேன். நடக்கும்போது சாப்பிட்டால் மூச்சு வாங்கும் என்றார். நாய்க்கு மட்டும்தான் என் மேல் அக்கறை இருந்தது.

பிறகு அவர் குரல் தணிந்தது. பறவையை விட்டுவிட்டார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார், இந்தச் சம்பந்தம் வீட்டில் சொன்னதற்காகச் சம்மதித்ததா, இல்லை உங்களுக்கே மனசா என்று. கடல் தாண்டி வருகிறவள் மனசில்லாமல் வரக் கூடாது, மனசில்லை என்றால் இப்போதே சொல்லிவிடலாம், தான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றும் சொன்னார். அதற்காகத்தான் ஐயா, அந்த ஒரு கேள்விக்காகத்தான் எங்களை இந்த வெயிலில் நடக்க வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் எந்த ஆம்பளை பெண்ணிடம் அப்படிக் கேட்டான்? அக்கா தலையைச் சாய்த்துச் சிரித்தாள். அவர் பதிலுக்குக் காத்திருந்தார். அவள் மறுபடியும் சிரித்தாள். அவர் முகம் மெதுவாக வாடிப்போவதை நான் பார்த்தேன். அவளுடைய வலது பக்கம் போய் நின்று காதில் ஓதிவிடலாம் என்று எட்டு வைத்தேன், அப்பா என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

அந்த நேரம் பார்த்தா எதிரே அந்தோணியம்மா வரவேண்டும்? கரையிலிருந்து மீன் எடுத்து, குளத்துக் கரை வழியாகக் குறுக்கே நடந்து உள்நாட்டு ஊர்களுக்கு விற்கப் போகிறவள். போகிற வழியில் எங்கள் தெருவில் ஒரு சுற்று விற்றுவிட்டுத்தான் போவாள். எங்கள் வீட்டு அடுக்களை வரைக்கும் அவளுக்குத் தெரியும். கூட மூன்று நான்கு பெண்கள், தலையில் பெட்டியோடு. பட்டுப் புடவையில் அக்காவைப் பார்த்தாள். பின்னால் கும்பிட்டபடி வருகிற மாதிரி வரும் அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பெட்டியை இறக்காமலேயே எங்களோடு திரும்பி, இடுப்பிலிருந்து செபமாலையை எடுத்து, மாதாவுக்குச் சொல்கிற பிரியதத்த மந்திரத்தை உரக்க ஆரம்பித்துவிட்டாள். மற்றவர்களும் கூடச் சேர்ந்தார்கள். அப்பா என்ன செய்வார்? மந்திரம் தொடங்கினால் பாதி மந்திரத்தை மற்றவர்கள் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னார். நானும் சொன்னேன். மாப்பிள்ளை பைனாகுலரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்றும் விளங்காமல், அவரும் சொன்னார். மீன் வாடைக்கு நாய் இன்னும் இரண்டு நண்பர்களைக் கூப்பிட்டுக்கொண்டது. துரைமார் நடக்கிற ஹைக் இப்படியா இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

செபமாலையில் பத்து மணியும் உருட்டி முடிந்தது. அந்தோணியம்மா மரியாதை தவறாமல் அப்பாவிடம் விசாரித்தாள். "என்ன நேர்ச்சை அண்ணாச்சி? அந்தப் புள்ளைக்கு இடதுகாது கேக்கணும்னா நடக்கிய? நானும் மாதாட்ட சொல்லுதேன்."

அவள் மேலும் தப்பில்லை. கேட்காமல் போனால்தான் குறை என்று சொன்னேன் அல்லவா.

யாரும் நகரவில்லை. அப்பா அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, சும்மா நடக்கிறோம் என்றார். அந்தோணியம்மா சும்மா எதற்கு நடக்கிறீர்கள் என்று கேட்டாள். அவளுக்கு அது நிஜமாகவே விளங்கவில்லை. மாப்பிள்ளை அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பார்வையை நாயின் மேல் வைத்துக்கொண்டேன். மூன்றாவது இடமும் போயிற்று, அடுக்குப் பாத்திரத்தை அப்படியே குளத்தில் வீசலாமா என்றிருந்தது.

அக்கா எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்தோணியம்மா நின்றது அவளுக்குப் பின்னால், வலது காதுப் பக்கம். சொன்னது எல்லாம் தெளிவாகவே கேட்டிருக்கிறது. மாப்பிள்ளையின் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

"எனக்கு அந்தக் காது கேக்காது. சின்னதுலயே போயிட்டு. கால்வாய் தாண்டி நீங்க சொன்னது ஒண்ணும் எனக்குக் கேக்கல. வீட்டுல மறைக்கச் சொன்னாவ, நானும் மறைச்சேன்."

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் கையை மட்டும் லேசாக உயர்த்தினாள். அவர் மூடிக்கொண்டார். எங்கள் வீட்டில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை.

மாப்பிள்ளை திரும்பி, தாண்டி வந்த கரையைப் பார்த்தார். "ஒண்ணுமே கேக்கலையா?" என்றார்.

"கொக்கு மாதிரி என்னவோ காட்டினிய. அது பார்த்தேன்."

அவர் பைனாகுலரைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். அக்காவுக்குப் பின்புறமாகச் சுற்றி நடந்து அவளுடைய வலது பக்கம் வந்தார். அங்கே நடக்க வழியில்லை, முழுக்க உடைமுள். ஒரு கிளையைக் கையால் விலக்கிவிட்டு அந்த முள்ளுக்குள்ளேயே காலை வைத்தார். அரைக்கால் சட்டை, பாவி மனிதர், முழங்காலுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. அங்கே நின்றுகொண்டு, இடது கையில் தெரிந்த தண்ணீரை அவளைத் தாண்டி எட்டிக் காட்டி, "அது பூநாரை" என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஆமாம், முதலிலிருந்து. பூநாரை, கரண்டிவாயன், உள்ளான், குளிர்தேசம், ஒன்றையும் விடவில்லை. எனக்கு எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. கண் வேறு கலங்கித் தொலைத்தது, கையில் பாத்திரம், இடுப்பில் செருகிய கைக்குட்டையை எடுக்கக் கை ஒழியவில்லை.

நேர்ச்சை என்று தொடங்கியாயிற்று, பாதியில் விட்டால் மாதாவுக்கு ஆகாது என்று அந்தோணியம்மா விடாப்பிடியாகச் சொல்லிவிட்டாள். மீன் கெட்டாலும் பரவாயில்லை என்று கூடவே வந்தாள். அவர்கள் இருவரும் முன்னால், மற்ற எல்லோரும் பின்னால் மந்திரம் சொல்லிக்கொண்டு குளத்தை முழுதாகச் சுற்றினோம். உள்ளானுக்குப் பிறகு அவர் குரல் தணிந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அந்தக் கேள்விக்கு வந்துவிட்டார் என்று. காதைத் தீட்டிக்கொண்டேன். பின்னால் நாலு பெண்களும் அப்பாவும் உரக்க மந்திரத்தை முடித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் உதடு அசைந்தது தெரிந்தது. என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் சிரிப்பாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த அவருடைய அம்மா மகன் காலைப் பார்த்துவிட்டு, "ஏலே, எங்கன போய்ட்டு வார?" என்று கேட்டார். நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் எங்களிடம் ஒரு ஊசி கேட்டார். அக்காதான் எடுத்துக் கொடுத்தாள். அந்த வருஷமே கலியாணம், கப்பல், கொழும்பு. அக்கா அங்கேயே வாழ்ந்து, அங்கேயே போய்ச் சேர்ந்தாள். பின்னால் பிள்ளைகள் சென்னைக்கு வந்துவிட்டார்கள், கூட அத்தானும் வந்து சில வருஷம் இருந்துவிட்டுக் கண்மூடினார்.

இப்போது குளத்தைச் சுற்றிச் சிமெண்டுப் பாதை. நாலு பேர் கைகோத்து நடக்கலாம், இரண்டு பக்கமும் கம்பி. கால்வாய் தூர்ந்து, அதன் மேல் லாரி போகிறது. பாயும் இல்லை, கயிறு இழுக்கிறவர்களும் இல்லை. எங்களுக்கு எதிரே எத்தனையோ பேர் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார்கள். எல்லோரும் காரியம் இல்லாமல்தான் நடக்கிறார்கள், ஒருவர்கூட என்ன ஏது என்று கேட்கவில்லை. அந்தோணியம்மா பார்த்தால் வாயில் அடித்துக்கொள்வாள்.

பேரன் வண்டியை விட்டு இறங்கியதும் வலது பக்கம் திரும்பினான். தண்ணீர் இடது கையில். பாதை அவ்வளவு அகலமாக இருக்க, என்னை நடுவில் விட்டுவிட்டு அவன் வலது ஓரமாக, கம்பிக்கு வெளியேயிருந்து முள் நீட்டிக்கொண்டிருக்கிற பக்கமாக நடந்தான். நடுவில் வாயேன் என்றேன்.

"எங்க வீட்ல எல்லாரும் இந்தப் பக்கம்தான் நடப்போம் சின்னாச்சி."

ஏன் என்று கேட்டேன். தெரியாது என்றான். அவன் அப்பா அப்படித்தான் நடப்பாராம், தாத்தா அப்படித்தானாம், பழகிவிட்டதாம். அவன் பிறக்கும்போது அக்கா இல்லை. அவளுடைய காதைப் பற்றி அவனிடம் யாரும் சொல்லவும் இல்லை. நாங்கள் தட்டும் வெங்காயமும் வைத்து மறைத்த காது கடைசியில் நன்றாகவே மறைந்துவிட்டது, இனி இந்த ஊரில் அதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவன் தண்ணீரைக் காட்டி, அது பூநாரை என்றான். அவன் சட்டைக் கையில் மாட்டியிருந்த முள்ளை எடுத்துவிட்டு, அவனை அந்தப் பக்கமே நடக்கவிட்டேன்.